26 வாரம்: சுகாதார நிலையத்தில் 'சுகர் இருக்கு', தனியார் லேபில் 'நார்மல்'. எதை எடுத்துக்கொள்வது?

கேள்வி: செவிலியர்_தெற்கு

வணக்கம். கிராமப் பகுதியில் அடிக்கடி வரும் சிக்கல் இது. தெளிவாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

29 வயது, இரண்டாவது கர்ப்பம், 26 வாரம். முதல் குழந்தை 3.7 கிலோ. தாயாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஹீமோகுளோபின் 9.4. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழக்கமான முறைப்படி, சாப்பிட்டாரா இல்லையா என்று பார்க்காமல், 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்து எடுத்ததில் 143. கர்ப்பகால சர்க்கரை என்று அட்டையில் எழுதியாயிற்று. வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு நாள் கழித்துத் தனியார் லேபில் வெறும் வயிற்றில் செய்திருக்கிறார்கள்: 86, ஒரு மணி நேரத்தில் 171, இரண்டு மணி நேரத்தில் 147. கீழே 'நார்மல்' என்று அச்சடித்திருக்கிறது. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 5.9.

இவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதா, இல்லை என்பதா? வீட்டு குளுக்கோமீட்டரில் சாப்பிட்ட பிறகு பார்த்தால் லேபை விட 15, 20 கூடவே காட்டுகிறதாம், அது ஏன்? மாமியார் சோற்றை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கிறார், அது சரிதானா?

பதில்: பிரசவ_வார்டு

சிஸ்டர், இரண்டு ரிப்போர்ட்டிலும் 2 மணி நேர அளவு ஒன்றேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 143-க்கும் 147-க்கும் பேதம் பார்க்க வேண்டியதில்லை. ஒரே பெண்ணுக்கு அடுத்தடுத்த வாரம் இந்த டெஸ்ட்டைச் செய்தாலே 20 மி.கி. முன்னே பின்னே வரும். 'சர்க்கரை' என்று சொல்லும் எல்லைக்கோட்டைச் சுகாதார நிலையம் 140-இல் போடுகிறது, அந்த லேப் 153-இல் போடுகிறது. நீங்கள் சொல்லும் பெண் நடுவில் நிற்கிறார், அவ்வளவுதான் விஷயம்.

140 என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வைத்த அளவு. சென்னையில் டாக்டர் வி.சேஷய்யாவும் அவர் முன்னின்று நடத்திய டிப்சி (இந்தியக் கர்ப்பகால நீரிழிவு ஆய்வு) குழுவும் அந்த 140-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, வெறும் வயிறு என்ற நிபந்தனையை மட்டும் எடுத்தார்கள். காரணம் உங்களுக்கே தெரியும். பஸ் பிடித்துப் பத்து மணிக்கு வந்து சேரும் கர்ப்பிணியை "நாளைக்குச் சாப்பிடாமல் வாங்க" என்று திருப்பி அனுப்பினால் பாதிப் பேர் வர மாட்டார்கள். தமிழக அரசு 2007-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை என்று ஆணை போட்டது. பிறகு மத்திய அரசின் வழிகாட்டியும் (2014, திருத்தம் 2018) இதே வழியில் வந்தது: முதல் வருகையில் ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறு தடவை.

153 வந்தது ஹேப்போ என்ற ஆய்விலிருந்து. 9 நாடுகள், 15 மையங்கள், 25,000-க்கு மேற்பட்ட கர்ப்பிணிகள். முடிவு 2008-இல் வெளியானது. மிக அதிகமாக வந்தால் தவிர, சர்க்கரை அளவைத் தாய்க்கும் சொல்லவில்லை, டாக்டருக்கும் சொல்லவில்லை. இந்தப் படியில் ஆபத்து தொடங்குகிறது என்று சொல்லும்படி எந்த இடமும் அதில் கிடைக்கவில்லை. சர்க்கரை ஏற ஏறக் குழந்தையின் எடை, தொப்புள்கொடி ரத்தத்தில் சி-பெப்டைடு (குழந்தை எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதன் அடையாளம்), முதல் சிசேரியன் எல்லாம் சீராக ஏறிக்கொண்டே போயின. சரிவான நிலத்தில் யாராவது ஓர் இடத்தில் முளை அடித்துத்தானே வேலி போட முடியும்? 2010-இல் சர்வதேசக் குழு, சராசரியை விட ஆபத்து 1.75 மடங்காகும் இடத்தில் அடித்தது: வெறும் வயிறு 92, 1 மணி 180, 2 மணி 153. உலக சுகாதார நிறுவனமும் 2013-இல் அதற்கு மாறிவிட்டது. அந்த 15 மையங்களில் இந்தியாவில் ஒன்றுகூட இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி உங்கள் 147. ஆஸ்திரேலியாவில் நடந்து 2005-இல் வெளிவந்த அக்கோய்ஸ் ஆய்வில் 1,000 பெண்கள். 2 மணி நேர அளவு 140 முதல் 198 வரை இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு உணவு ஆலோசனை, வீட்டில் சர்க்கரை பார்த்தல், தேவைப்பட்டால் இன்சுலின். மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. சிசு மரணம், பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்குதல், எலும்பு முறிவு, நரம்பு பாதிப்பு ஆகிய பெரிய கேடுகள் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தன. 'நார்மல்' என்று அச்சடித்த அந்த 147 சரியாக இந்த வரம்புக்குள் விழுகிறது.

மறுபக்கமும் உண்டு. நியூசிலாந்தில் 4,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் கோட்டைத் தாழ்த்திப் பார்த்த ஜெம்ஸ் ஆய்வு (2022): சர்க்கரை என்று முத்திரை விழுந்தவர்கள் 6.1-இலிருந்து 15.3 சதவீதமானார்கள், பெரிய குழந்தைகள் பிறப்பதோ மொத்தத்தில் குறையவில்லை. ஆனால் அதே ஆய்வில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் சிக்கியவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தால், சிகிச்சை பெற்றவர்களில் பெரிய குழந்தை 6.2 சதவீதம், பெறாதவர்களில் 18 சதவீதம். ஆக நடுவில் நிற்பவரைக் கவனித்தால் அவருக்குப் பயன் உண்டு. ஊர் முழுவதற்கும் கணக்குப் போட்டால்தான் அது கரைந்துபோகிறது.

தாயாருக்குச் சர்க்கரை, முதல் குழந்தை 3.7 கிலோ. இவரை நான் சர்க்கரை உள்ளவராகவே பார்ப்பேன். இரண்டு வாரம் உணவு ஒழுங்கு, நடை. பிறகு சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழ் இருக்கிறதா என்று பார்ப்பது. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், 1 மணி நேரத்தில் பார்த்தால் 140-க்குக் கீழ். மருந்து பேச்சு இப்போது வேண்டாம்.

எச்பிஏ1சி-யை ஒதுக்கிவிடுங்கள். கர்ப்பத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் மாறுவதால் அது குறைத்துக் காட்டும், இரும்புச்சத்துக் குறைவில் கூட்டிக் காட்டும். இவருக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது. முதல் வருகையில் 6.5-க்கு மேல் போனால் ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்திருக்கிறது என்று சொல்ல உதவும், அதைத் தாண்டி இங்கே அதற்கு வேலையில்லை.

பதில்: ஆய்வக_மேசை

கோட்டைப் பற்றி மேலே சொல்லியாயிற்று. எண்ணே சரியா என்று யாரும் கேட்பதில்லை, அதனால் இது.

அந்த 86-ஐ நான் அப்படியே நம்ப மாட்டேன். எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண டியூபில் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சாம்பல் நிற மூடி ஃபுளோரைடு டியூபில் போட்டாலும் உடனே நிற்காது. ஃபுளோரைடு தடுப்பது எனோலேஸ் என்ற பின்கட்ட நொதியை. முன்கட்ட நொதிகள் ஒன்றிரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடும், அதற்குள் சில மி.கி. போய்விடும்.

கலெக்‌ஷன் சென்டரில் என்ன நடக்கும்? ஏழு மணிக்கு வெறும் வயிற்று ரத்தம், எட்டுக்கு இரண்டாவது, ஒன்பதுக்கு மூன்றாவது. மூன்றையும் ஒரே பையில் போட்டுப் பத்து மணிக்கு பைக்கில் அனுப்புவார்கள். முதல் டியூப் மூன்று மணி நேரம் காத்துக் கிடக்கிறது. மூன்றில் அதிகம் அடிபடுவது அதுதான், கோடு மிகக் குறுகலாக இருப்பதும் அதற்குத்தான். 92-க்கும் 86-க்கும் இடையே ஆறே மி.கி. எந்த மணிக்கு எடுத்தார்கள், எந்த மணிக்கு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பிளாஸ்மா பிரித்தார்கள் என்று லேபில் கேளுங்கள். அரை மணிக்குள் பிரித்திருந்தால் நம்பலாம். இல்லையென்றால் ஐஸில் வைத்திருக்க வேண்டும், அல்லது சிட்ரேட் கலந்த டியூபாக இருக்க வேண்டும்.

குளுக்கோஸ் எடை. 75 கிராம் என்பது நீரற்ற குளுக்கோஸுக்கு. பாக்கெட்டில் 'மோனோஹைட்ரேட்' என்று இருந்தால் 82.5 கிராம் எடுக்க வேண்டும். மூலக்கூற்றில் ஒட்டியிருக்கும் நீருக்கு எடை உண்டு. அதை 75 என்று நிறுத்தால் பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். டப்பாவில் இருந்து கரண்டியால் அள்ளிப் போடுவதெல்லாம் பரிசோதனையே ஆகாது.

சுமார் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குமட்டினால் அரை எலுமிச்சை பிழியலாம். கடிகாரம் ஓடத் தொடங்குவது முதல் மடக்கில் இருந்து, கிளாஸ் காலியானதிலிருந்து இல்லை. அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் புதிதாகச் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு எடுத்தால் தொடரலாம். இடையில் டீ, பன் கூடாது. கடைத்தெருவுக்குப் போய் வருவதும் கூடாது, நடந்தால் அளவு இறங்கும்.

வீட்டு மீட்டர் கூடக் காட்டுவதற்கு இவருக்குக் காரணம் இரண்டு இருக்கலாம். சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை இயல்பாகவே சிரை ரத்தத்தை விடக் கூடுதல். அதோடு ரத்தசோகை: சிவப்பணு குறைந்தால் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டும். ஹீமோகுளோபின் 9.4 அந்த வேலையைச் செய்யும். இது போக, மீட்டருக்கான சர்வதேச விதியே 100-க்கு மேல் 15 சதவீதம் விலகலை ஒப்புக்கொள்கிறது. 140 காட்டினால் உண்மை 122-ஆகவும் இருக்கலாம், 160 பக்கத்திலும் இருக்கலாம். போக்கைப் பார்க்க மீட்டர் நல்லது, எல்லைக்கோட்டில் தீர்ப்புச் சொல்ல லேப்தான்.

பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் 200 கூடக் காட்டும். விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து தவறாகும். ஸ்ட்ரிப் டப்பியின் மூடியைத் திறந்து போடாதீர்கள், ஈரம் பட்டால் வீண்.

பதில்: எண்_சரிபார்ப்பு

டிப்சி முறையை மேலே ரொம்பவே பாராட்டிவிட்டார்கள், ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் குளுக்கோஸ் கொடுத்தால், முதல் சாப்பாட்டுக்கே தயாராகிவிட்ட கணையம் இரண்டாவது சுமையை எளிதில் சமாளித்துவிடும். அளவு குறைவாக வரும். சென்னையில் டாக்டர் வி.மோகன் குழு 1,031 கர்ப்பிணிகளிடம் இரண்டு விதமாகவும் செய்து 2014-இல் வெளியிட்டது. வெறும் வயிற்று முறையில் சர்க்கரை என்று வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களையே சாப்பிட்ட நிலை டெஸ்ட் பிடித்தது. சேஷய்யா குழுவின் முந்தைய ஆய்வில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

களத்தில் இதற்கு என்ன பொருள்? 140-க்கு மேல் வந்தால் நம்புங்கள், பொய்யாக ஏறுவது அரிது. 125, 135 என்று வந்து, குடும்பத்தில் சர்க்கரை, பருமன், முன்பு பெரிய குழந்தை, பனிக்குட நீர் அதிகம் என்று ஏதாவது இருந்தால் ஒரு தடவை வெறும் வயிற்றில் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் பெண்ணுக்கு, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், 143 வந்துவிட்டது. என் பார்வையில் விவாதம் அங்கேயே முடிந்தது.

பதில்: தட்டு_கணக்கு

கேழ்வரகுக் கஞ்சியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள் சிஸ்டர். மாமியாரிடம் கேழ்வரகு கெட்டது என்று சொல்லிவிடாதீர்கள், கஞ்சியாகக் குடிப்பதுதான் சிக்கல் என்று சொல்லுங்கள். நைசாக அரைத்த மாவு, நீர்க்கக் காய்ச்சியது, மெல்லாமல் இறங்குவது: மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். மாவுச்சத்துக் கணக்கில் கேழ்வரகு அரிசிக்கு அதிகம் பின்தங்கியதில்லை. அதே மாவில் முருங்கைக்கீரை, வெங்காயம் போட்டு அடை தட்டி, பக்கத்தில் ஒரு முட்டையோ சுண்டலோ வைத்தால் பேச்சே வேறு.

சோற்றை நிறுத்த வேண்டாம். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. கர்ப்பிணிக்கு நாளுக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும். அதற்குக் கீழே இறக்கிப் பட்டினி போட்டால் எடை கூடாது, சிறுநீரில் கீட்டோன் வரும். மதியம் ஒரு கப் சோறு, அதே அளவு பொரியல், கெட்டிப் பருப்பு அல்லது மீன். சிக்கல் கொடுப்பது காலை வேளை. அப்போதுதான் இன்சுலினுக்கு உடம்பு மிகவும் முரண்டு பிடிக்கும். நான்கு இட்லியை ஒரே மூச்சில் சாப்பிடாமல் எட்டு மணிக்கு இரண்டு, பத்தரைக்கு இரண்டு. சாம்பாரில் காய் நிறைய. பொங்கல், சேமியா, ஜூஸ் காலையில் வேண்டவே வேண்டாம்.

ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் பேரீச்சையை ஒரு நாளைக்கு இரண்டோடு நிறுத்தலாம். சத்துமாவைச் சர்க்கரை, வெல்லம் போட்டுக் கஞ்சி காய்ச்சினால் பழைய கதைதான். இரும்பு மாத்திரையைப் பாலோடும் டீயோடும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் வீட்டைச் சுற்றி நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு இறங்குவதைப் பார்க்கலாம். 2 மணி நேரம் என்பதை முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ணச் சொல்லுங்கள், கை கழுவியதிலிருந்து எண்ணுகிறவர்கள்தான் அதிகம்.

செவிலியர்_தெற்கு

எல்லோருக்கும் நன்றி. லேபில் நேரம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வாரத்தில் 120-க்குக் கீழ் வராவிட்டால் மாத்திரையா, ஊசியா? ஊசி என்றாலே வீட்டில் பயப்படுகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு யாரும் டெஸ்ட்டுக்கு வருவதே இல்லை, அதற்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: பிரசவ_வார்டு

20 வாரம் கடந்திருப்பதால் நம் நாட்டு வழிகாட்டிப்படி மெட்ஃபார்மின் மாத்திரையே தொடங்கலாம். 500 மி.கி. காலை, இரவு சாப்பாட்டோடு. டாக்டர் படிப்படியாக ஏற்றுவார், நாளுக்கு 2 கிராம் உச்சம். ஆனால் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்த மிக் ஆய்வில் (2008) மாத்திரையில் தொடங்கியவர்களில் 46 சதவீதத்தினருக்குப் பிறகு இன்சுலினும் சேர்க்க வேண்டி வந்தது. பயத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. மாத்திரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. குழந்தையை நினைத்துப் பயப்படுகிறவர்களிடம் இதைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

இன்சுலினில் இருக்கும்போது கடைசி வாரங்களில் தேவை திடீரென்று குறைந்தால் நல்ல செய்தி என்று எண்ணி விடாதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். குறைப்பிரசவப் பயத்தில் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளைக்குச் சர்க்கரை எகிறும், அப்போது தினமும் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் இன்சுலினை எதிர்க்கும் ஹார்மோன்கள் இறங்கிவிடும், பெரும்பாலோருக்கு மருந்து அன்றோடு நிற்கும். குழந்தைக்கு முதல் மணி நேரத்துக்குள் தாய்ப்பால், பிறகு குதிகாலில் சர்க்கரை பார்க்க வேண்டும். 45-க்குக் கீழ் என்றால் கவனிப்பு. வயிற்றுக்குள் அதிக இன்சுலின் சுரந்து பழகிய குழந்தைக்குத் தொப்புள்கொடி வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், இன்சுலின் உடனே நிற்காது.

பதில்: எண்_சரிபார்ப்பு

பிரசவத்துக்குப் பிந்தைய டெஸ்ட்தான் எல்லோரும் கைவிடும் இடம். 2009-இல் 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கர்ப்பகால சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து 7 மடங்குக்கு மேல். 2020-இல் வந்த கணக்கு அதைப் பத்து மடங்குக்குக் கொண்டுபோனது. அமெரிக்கத் தடுப்பு ஆய்வில் (டிபிபி), முன்பு கர்ப்பகால சர்க்கரை இருந்து பிறகு நீரிழிவுக்கு முந்தைய எல்லைநிலைக்கு வந்த பெண்களிடம் வாழ்க்கை முறை மாற்றம், மெட்ஃபார்மின் இரண்டுமே ஆபத்தை ஏறக்குறைய பாதியாக்கின. நம் பக்கத்தில் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 1,600-க்கு மேற்பட்ட தாய்மாரிடம் நடந்த லிவிங் ஆய்வில் (2022) ஆலோசனைக் குழுவுக்கும் மற்றவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. இரு பக்கமும் சுமார் கால்வாசிப் பேருக்கு ஓராண்டு சொச்சத்திலேயே சர்க்கரை நிலை மோசமானது. கைக்குழந்தைக்காரியிடம் வகுப்புக்கு வா, எடையைக் குறை என்பது அவ்வளவு எளிதில்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். குறைந்தபட்சம் டெஸ்ட்டையாவது தவறவிடாமல் பார்க்கலாம்.

வழி உங்கள் கையிலேயே இருக்கிறது சிஸ்டர். ஆறாவது வாரம் குழந்தைக்குப் பென்டாவேலன்ட் முதல் தவணை, புதன்கிழமை. ஊசிக்குக் கட்டாயம் வருவார்கள். முந்தைய நாள் போனில் வெறும் வயிற்றில் வரச் சொல்லுங்கள். வந்ததும் முதல் ரத்தம், பிறகு குளுக்கோஸைக் கொடுத்து உட்கார வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் குழந்தைக்கு எடை, ஊசி, அதன் பின் அரை மணி கண்காணிப்பு, தாய்க்கு பிரஷர், காப்பர்-டி பேச்சு எல்லாம் முடிந்துவிடும். கடைசியில் இரண்டாவது ரத்தம். வெறும் வயிறு 126-க்கு மேல் அல்லது 2 மணி 200-க்கு மேல் என்றால் நீரிழிவு, 2 மணி 140 முதல் 199 எல்லைநிலை. எது வந்தாலும் ஆண்டுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். கூட வருகிறவரிடம் இட்லிப் பொட்டலம் கட்டி வரச் சொல்லிவிடுங்கள், டெஸ்ட் முடியும்போது பத்து மணிக்கு மேல் ஆகியிருக்கும், பால் கொடுக்கிற பெண்.